இருக்கைக்குத் தனிக் காசா? யாருக்குக் கட்டுவது, யாருக்கு விடுவது

"டிக்கெட்டுக்குக் காசு கட்டியாச்சு. உட்காருவதற்கு எதற்கு இன்னொரு காசு?"

ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுக்கும்போது கேட்கிற கேள்வி இது. கோபம் நியாயம்தான். ஆனால் கேள்வியில் ஒரு சின்னப் பிசகு இருக்கிறது. டிக்கெட் விலையிலேயே உங்களுக்கு ஓர் இருக்கை அடக்கம். மேற்கொண்டு கேட்கிற காசு, எந்த இருக்கை என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்வதற்கு. அதைச் சொல்லாவிட்டால் விமான நிறுவனமே ஏதாவது ஒன்றைக் கொடுக்கும். இது தெரியாமல், கட்டாவிட்டால் ஏற்றமாட்டார்களோ என்று பயந்து வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் கட்டிவிடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர்.

இதன் விலை நாளுக்கு நாள், வழிக்கு வழி மாறும். பேச்சுக்கு ஓர் இருக்கைக்கு 25 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர், போக வர, 300 வெள்ளி. ஊரில் குலதெய்வத்துக்குப் படையல் போட்டுவிட்டு வரலாம்.

நல்ல இடத்துக்குப் போட்டி புதிதல்ல. ஊரிலிருந்து ரஜுலா கப்பலில் டெக் பயணிகளாக வந்த நம் தாத்தா பாட்டிகள் நல்ல இடம் பார்த்துப் பாய் விரிக்க முந்தினார்கள். ஏர் ஏசியாவிலும் ஆரம்ப வருடங்களில் இருக்கை எண் கிடையாது. ஓடிப் போய் ஏறியவருக்கு ஜன்னல். இப்போது ஓட்டம் நின்றுவிட்டது, அந்த இடத்துக்கு விலை வந்துவிட்டது. உலகம் முழுக்க இதே கதைதான். ஐந்து அமெரிக்க விமான நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை இருக்கைக் கட்டணத்தில் மட்டும் 1,240 கோடி டாலர் சம்பாதித்ததாக அந்நாட்டு செனட் துணைக்குழு 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. இவ்வளவு வருமானத்தை யாரும் தாமாக விடப்போவதில்லை. நாம்தான் பார்த்துக் கட்ட வேண்டும்.

திருச்சிக்குப் பயணம் ஏறக்குறைய நாலு மணி நேரம். பெரியவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. என்னைக் கேட்டால், மாமாவையும் மச்சானையும் பத்து வரிசை தள்ளி வைப்பது பயணத்துக்கே நல்லது. காசு கட்ட வேண்டியது சின்னப் பிள்ளைக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கும், முட்டி வலியோ இனிப்பு நீரோ உள்ள முதியவருக்கும் அவருடைய துணைக்கும். மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

முட்டி வலி உள்ள பாட்டிக்கு இருக்கை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கால் நீட்ட வசதியாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் ஆசையாக அவசரக் கதவு வரிசையை வாங்கிவிடுகிறார்கள். விலையும் அதிகம். ஆனால் அந்த வரிசையில் உட்காருகிறவர் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க உதவக்கூடிய திடமான ஆளாக இருக்க வேண்டும். பிள்ளைகள், கர்ப்பிணிகள், தடி ஊன்றி நடப்பவர்கள் அங்கே உட்காரக் கூடாது. பாட்டியைப் பார்த்ததுமே பணிப்பெண் எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார். கட்டிய காசுக்கு அப்புறம் நீங்கள் அலைய வேண்டும். கால் நீட்டத்தான் வேண்டுமென்றால் முதல் வரிசையைப் பாருங்கள். ஆனால் அங்கே முன்னால் இருக்கை இல்லாததால், ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பை மேல் பெட்டிக்குப் போய்விடும். மருந்து மாத்திரையை முன்பே எடுத்துச் சட்டைப் பையிலோ மடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவருக்கு ஜன்னல் இருக்கை வேண்டாம். கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் இரண்டு பேரை எழுப்பித்தான் வெளியே வர வேண்டும். பின்பக்கக் கழிப்பறைக்கு அருகே நடைபாதையோர இருக்கைதான் அவருக்குச் சுகம். பெரும்பாலும் விலையும் அங்கேதான் குறைவு. கடைசி வரிசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பல விமானங்களில் அது பின்னால் சாயாது. நடக்கவே சிரமப்படுகிறவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் விமான நிலையத்துக்குப் போய்க் கேட்காமல், குறைந்தது இரண்டு நாளுக்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, முடிந்தவரை குடும்பம் முழுக்க ஒரே பதிவு எண்ணில் இருப்பது நல்லது. சேர்ந்து பயணம் செய்கிறவர்கள் என்று கணினிக்குத் தெரிய அந்த எண்தான் அடையாளம். மலிவு விலையில் இரண்டே டிக்கெட் மிச்சமிருந்தால், ஆறு பேரை இரண்டும் நாலுமாகப் பிரித்துப் போட்டால் கொஞ்சம் மிச்சமாகும். சில ஏஜெண்டுகள் அப்படிச் செய்வார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளையும் தாயும் எந்தக் காரணத்துக்காகவும் பிரியக் கூடாது. இந்திய நிறுவன விமானத்தில் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 12 வயது வரையிலான பிள்ளைக்கு, அதே பதிவு எண்ணில் உள்ள பெற்றோரில் அல்லது காப்பாளரில் ஒருவர் பக்கத்திலேயே இருக்கை கொடுக்க வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. மற்ற நிறுவனங்களில் இதை உரிமையாக எண்ணாமல், முன்கூட்டியே கேட்டு வாங்கும் உதவியாக எண்ணிக்கொள்ளுங்கள்.

சிரம்பானில் ஏஜெண்டிடம் டிக்கெட் எடுப்பவர்கள் பதிவு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். ஏஜெண்டின் மின்னஞ்சல் இருந்தால் நேர மாற்றச் செய்தியும் அவருக்குத்தான் போகும், செக்-இன் செய்யவும் அவர் கடை திறக்கிறவரை காத்திருக்க வேண்டும். காசு கட்டாதவர்கள் சேர்ந்து உட்கார அந்த செக்-இன்தான் வாய்ப்பு. இணையத்தில் அது திறக்கிற நேரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துவைத்து, திறந்த அன்றே செய்துவிடுங்கள். காலி இடம் அதிகம் இருக்கும்போது சேர்ந்தாற்போல் கிடைக்க வாய்ப்பும் அதிகம். கிடைக்காவிட்டால் கவுண்டரில் கேளுங்கள், அங்கும் இல்லையென்றால் விமானத்துக்குள் பக்கத்தில் இருப்பவரிடம் தன்மையாகக் கேளுங்கள். ஜன்னலைக் கேட்டு நடு இருக்கையைக் கொடுத்தால் யாரும் மாறமாட்டார்கள். நடைபாதைக்கு நடைபாதை என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

கைப்பேசியில் நீங்களே எடுத்தால் இருக்கைப் படம் வரும் பக்கத்தில் நிதானமாக இருங்கள். வண்ண வண்ணமாகக் கட்டங்கள் நிறைந்திருக்கும், "வேண்டாம், தொடர்க" என்ற வரி மட்டும் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். அதைத் தேடி அழுத்துங்கள். எப்படியும் 20 கிலோ பெட்டி எடுத்துப் போகிறீர்கள் என்றால், பெட்டி, சாப்பாடு, இருக்கை மூன்றும் சேர்ந்த தொகுப்பின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில சமயம் தனித்தனியாக வாங்குவதைவிட அது மலிவாக வரும். காசு கட்டும் முன் மொத்தத் தொகையின் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்காத கூடுதல் சேவையை நிறுவனம் தானாகச் சேர்க்கக் கூடாது என்பது மலேசிய வான் பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016-இல் இருக்கிற விதி.

அப்படிச் சேர்த்திருந்தாலோ, காசு கட்டிய இருக்கையைக் கொடுக்காமல் வேறிடத்தில் உட்கார வைத்தாலோ, முதலில் விமான நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையத்துக்கு (சிஏஏஎம்) போகலாம். முன்பு இந்தப் புகார்களைப் பார்த்த மாவ்கோம் என்ற அமைப்பு 2025 ஆகஸ்ட் 1 முதல் இந்த ஆணையத்தோடு இணைந்துவிட்டது. மலாயிலோ ஆங்கிலத்திலோ நாலு வரி போதும்: பதிவு எண், பயணத் தேதி, காசு கட்டிய இருக்கை, உட்கார வைத்த இருக்கை, திரும்ப வேண்டிய தொகை. ரசீதையும் போர்டிங் பாஸையும் படம் பிடித்துச் சேர்த்து அனுப்புங்கள்.