கன்வென்ஷன் முடிந்த மறுநாள்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று பந்தலில் கடைசி வரிசையில் இருந்து உன் பிரசங்கத்தைக் கேட்டேன். குரல் இருக்கிறது, வேதமும் தெரிந்திருக்கிறது. இன்று காலை பால் வாங்கப் போனபோது முக்கில் உன் பிளெக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கொட்டகைக் கூரைக்கு வேண்டுமென்று ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். எனக்குச் சிரிக்க உரிமையில்லை. எங்கள் காலத்தில் சுவரில் நீலம் போட்டுப் பெயர் எழுதுவார்கள். மழை வந்து அழிப்பதற்குள் நாலு தடவை போய்ப் பார்த்துவிடுவேன்.

அப்போது டைரி வேறு வைத்திருந்தேன். எந்த ஊரில் எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்ற கணக்கு. ஒரே ஊருக்கு மூன்றாம் வருடம் போனபோதுதான் தெரிந்தது, வருஷாவருஷம் தூக்குவது அதே கைகள். தெரிந்த பிறகும் ஒரு வருடம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் பஸ்ஸில் கண்டக்டர் என் டிக்கெட்டுக்குத் தன் காசைப் போட்டார். "ஐயா, எங்க அப்பா அடக்கத்தன்னைக்கு மழையில பந்தக்கால் சாஞ்சிட்டு. நீங்கதான் ஒரு மணி நேரம் பிடிச்சிக்கிட்டு நின்னீய" என்றார். அந்த அடக்க ஆராதனைக்கு ராத்திரி முழுக்கக் குறிப்பெடுத்தது ஞாபகம் இருக்கிறது. பந்தக்காலைப் பிடித்தது சுத்தமாக ஞாபகமில்லை. பிரசங்கம் எப்படி இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

ஒருநாள் களக்காடு பக்கம் டோனாவூருக்குப் போய்வா. 1895இல் இந்தியா வந்து, பின்னால் அங்கே வாழ்ந்த எமி கார்மைக்கேல் அம்மையாரும் முதலில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னவர்தான். இங்கிலாந்தின் கெசிக் கன்வென்ஷன் ஆதரவில் வந்தவர். மேடைக்கு அவருக்கா பஞ்சம்? 1901 மார்ச்சில் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் சேர்ந்தாள். பின்னால் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். வண்டிப் பயணம் குறைந்தது; பால் காய்ச்சுவதும் காய்ச்சலுக்குக் கண்விழிப்பதும் ஊழியமாயின. 55 வருடத்தில் ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையோடு இருந்துதான் எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை. தாயைக் குறிக்கும் ஒரே சொல்.

பிரசங்கத்தை விடு என்று சொல்ல வரவில்லை. உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் உறுத்துகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு அம்மா, தலையில் உன் கை. அவர்கள் கண்ணை மூடியிருக்கிறார்கள். படம் எடுப்பது அவர்களுக்குத் தெரியுமா? எடுத்தவனை எங்கே நிற்கச் சொன்னாய்? தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் பிறர் பார்க்காமல் செய்யச் சொன்னது மத்தேயு 6ஆம் அதிகாரம். நேற்று நீ பேசியதும் அதே அதிகாரம்தான் தம்பி.

சனிக்கிழமை சாயங்காலம் தெற்குத் தெருவுக்கு வா. ஒரு கொத்தனார் இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். இதுவரை நான் போய்க்கொண்டிருந்தேன். இப்போது முழங்கால் விடவில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டு வா. அவருக்கு வலது காது கேட்காது, இடப்பக்கம் உட்கார். சங்கீதம் வாசிக்கச் சொல்லிவிட்டுப் பாதியில் தூங்கிப்போவார். நீ நிறுத்தாதே, நிறுத்தினால் விழித்துக்கொள்வார்.

அன்புடன்,
உன் பழைய உபதேசியார்