வாட்டர் கேனில் போன மூன்று வாரங்கள்

புதுக்கோட்டையில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, சில்வர் ஸ்டெயினிங்கில் அடுத்தடுத்து நான்கு ஜெல்கள் எனக்குப் பாழாயின. என் கையில் கோளாறு என்றார்கள். கோளாறு தண்ணீரில் இருந்தது.

வேலை உளுந்தில். மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8 ரகத்தையும், அந்த நோய்க்குச் சட்டென்று ஆளாகும் இன்னொரு ரகத்தையும் எஸ்.எஸ்.ஆர். மார்க்கர் வைத்து ஒப்பிட வேண்டும். வம்பன் எங்கள் மாவட்டத்து ஆராய்ச்சி மையம் என்பதால் அந்த ரகத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில மார்க்கர்களில் நான்கு கார இணைதான். அகரோஸ் ஜெல்லில் இரண்டும் ஒரே பேண்டாகத்தான் தெரியும். அதனால்தான் பாலிஅக்ரிலமைடு ஜெல்லும் சில்வர் ஸ்டெயினிங்கும்.

“இந்தக் காலத்தில் இதை யார் செய்கிறார்கள்?” என்று கேட்டவர்கள் உண்டு. எங்களிடம் சீக்வென்சர் இல்லை, யு.வி. கருவியும் இல்லை. வெள்ளியில் வந்த பேண்டை வெறும் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டோடு காயவைத்து வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். எத்திடியம் புரோமைடைத் தொட வேண்டியதில்லை. இன்றைக்கும் நான் இந்த முறையைத்தான் எடுப்பேன்.

செய்முறை, பாஸம் குழுவினர் 1991-இல் வெளியிட்டதை ஒட்டியது. 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 20 நிமிடம், தண்ணீரில் மூன்று அலசல், லிட்டருக்கு 1 கிராம் சில்வர் நைட்ரேட்டும் 1.5 மி.லி. ஃபார்மால்டிஹைடும் கலந்த கரைசலில் அரை மணி நேரம். பிறகு தண்ணீரில் ஒரே முக்கு. 10 வினாடி தாண்டினால் வெள்ளியும் போய்விடும். கடைசியாக, ஐஸில் வைத்துக் குளிரவைத்த சோடியம் கார்பனேட் கரைசல்: லிட்டருக்கு 30 கிராம், அதோடு ஃபார்மால்டிஹைடு, துளி சோடியம் தயோசல்பேட். பேண்டு தெளிந்ததும் அசிட்டிக் அமிலம் ஊற்றி நிறுத்திவிட வேண்டும். இதெல்லாம் இரண்டு முறை செய்தால் கை பழகிவிடும்.

தண்ணீர் அப்படியல்ல. ஆய்வகத்து டிஸ்டிலேஷன் யூனிட் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது. உங்கள் ஆய்வகத்திலும் அப்படித்தான் கிடக்கும். அதற்குப் பதில் 20 லிட்டர் கேன் வந்தது. “ஆர்.ஓ. தண்ணிதான், தாராளமா ஊத்தும்மா” என்றார்கள். ஊற்றினேன். வெள்ளிக் கரைசல் லேசாகப் பால்போல் ஆனது. தட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கார்பனேட்டில் போட்ட ஒரு நிமிடத்தில் ஜெல் முழுக்கக் கருத்தது.

நெறியாளர் ஜெல்லைத் தூக்கிப் பார்த்தார். “டி.என்.ஏ. சுத்தமா இல்ல. மறுபடி எடு” என்று சொல்லிவிட்டுப் போனார். 90 செடிகளின் இலையை மறுபடி உரலில் அரைத்தேன். மூன்று வாரம் போனது. 25 கிராம் சில்வர் நைட்ரேட் பாட்டில் என் கைக்காசில் வாங்கியது. அடுத்த மூன்று ஜெல்லும் கறுப்புதான்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் மணமேல்குடிப் பக்கத்துப் பெண்; உப்புக் கரிக்கும் தண்ணீரில் வளர்ந்தவள். பிளஸ் டூவில் குளோரைடு சோதனைக்கு ‘தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதியவள். அந்த வீழ்படிவுதான் என் தட்டில் மிதந்தது. ஆர்.ஓ. உப்பைக் குறைக்கும், முழுவதும் எடுக்காது. குடிக்கிற தண்ணீரில் சுவைக்காகக் கொஞ்சம் விட்டுவைப்பதும் உண்டு. வெள்ளி குளோரைடோடு சேர்ந்து ஜெல் எங்கும் படிந்துவிட்டால் பேண்டை எங்கே தேடுவது?

நான்காவது ஜெல் போன இரவு, சோதனைக் குழாயில் கேன் தண்ணீரை எடுத்து இரண்டு துளி சில்வர் நைட்ரேட் விட்டேன். வெளுத்தது. மறுநாள் கீழராஜ வீதியில் பேட்டரிக் கடைத் தண்ணீர் வாங்கி அதே சோதனை செய்தேன். தெளிவாக நின்றது. அதில்தான் ஐந்தாவது ஜெல். மங்கிய மஞ்சள் பின்னணியில் பேண்டுகள் வரிசையாக வந்தன. பழைய டி.என்.ஏ.வையும் அதே தண்ணீரில் ஓட்டிப் பார்த்தேன், அதிலும் வந்தன. அந்த ஜெல்களைக் கொண்டுபோய்க் காட்டியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்து, இரண்டு துளி சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். தட்டையும் தெளிவாக நின்ற தண்ணீரிலேயே அலசுங்கள். வியர்வையிலும் குளோரைடு உண்டு. கையுறை இல்லாமல் ஜெல்லைத் தொடாதீர்கள். நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாணவியின் கையைக் குறை சொல்லும் முன் ஆய்வகத்துத் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.