கம்பைலர் வெளியீட்டுக்குச் செக் வரிகள் எழுதும் முறை

கம்பைலரின் வெளியீட்டை முழுதாகச் சேமித்து, அடுத்த முறை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், ஒரு தற்காலிக மாறியின் பெயர் மாறினாலே சோதனை தோற்றுவிடும். எல்எல்விஎம் திட்டத்தின் ஃபைல்செக் கருவி அப்படி ஒப்பிடுவதில்லை. சோதனைக் கோப்பில் கமெண்டுகளாக உள்ள செக் வரிகள் வெளியீட்டில் அதே வரிசையில் வருகின்றனவா என்று மட்டும் பார்க்கிறது.

சோதனை நிரல் சிறியதாக இருக்க வேண்டும். ஓர் எண்ணை 8-ஆல் பெருக்கும் ஃபங்ஷன் போதும். இன்ஸ்ட்கம்பைன் என்ற பாஸ் அந்தப் பெருக்கலை 3 பிட் இடநகர்வாக மாற்றும். கோப்பின் தொடக்கத்தில் உள்ள ரன் வரி, ஆப்ட் கருவியை இந்தப் பாஸுடன் இயக்கி, வெளியீட்டைப் பைப் வழியே ஃபைல்செக்குக்கு அனுப்புகிறது.

அடுத்தது, ஃபங்ஷனின் பெயரைச் சுட்டும் செக்-லேபிள். இது வெளியீட்டைத் துண்டுகளாக்குவதால், ஒரு ஃபங்ஷனுக்கு எழுதிய செக் வரி இன்னொன்றில் தற்செயலாகப் பொருந்தாது.

பிறகு உள்ளடக்கம். இடநகர்வுக் கட்டளையும் 3 என்ற எண்ணும்தான் சோதனையின் உயிர். அவற்றை அப்படியே எழுத வேண்டும். விடை தங்கும் மாறியின் பெயர் எதுவானாலும் சரி. இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயர், முக்காற்புள்ளி, ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று எழுதி அதைப் பிடித்துவைத்து, ரிட்டர்ன் வரியில் அந்தப் பெயரையே இட்டால், கணக்கிட்ட மதிப்புதான் திரும்புகிறது என்பது உறுதியாகும். ரிட்டர்ன் வரியைச் செக்-நெக்ஸ்ட் ஆக எழுதினால் இடையில் வேறு கட்டளை நுழைய வழியில்லை. வரிசை பொருட்டில்லாத இடங்களுக்குச் செக்-டேக் இருக்கிறது.

அதிகம் ஏமாற்றுவது, ஒன்று வெளியீட்டில் வரக் கூடாது என்று சொல்லும் செக்-நாட். முந்தைய பொருத்தத்துக்கும் அடுத்த பொருத்தத்துக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டுமே அது பார்க்கும். பெருக்கல் கூடாது என்ற வரியை லேபிளுக்கும் இடநகர்வுக்கும் நடுவே வைத்தால், இடநகர்வுக்குப் பின் மிஞ்சிய பெருக்கல் தப்பிவிடும். தேடும் சொல்லில் எழுத்துப்பிழை இருந்தாலும் தேர்ச்சிதான். இல்லாத சொல் எங்கேயும் அகப்படாது அல்லவா? முடிந்த இடத்தில் எல்லாம் செக்-நெக்ஸ்ட் வரிசையே மேல்.

கடைசியில், ரன் வரியிலிருந்து பாஸை நீக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது சோதனை தோற்காவிட்டால், செக் வரிகள் எதையும் காக்கவில்லை.

செக் வரிகளைத் தானே எழுதித் தரும் பைத்தான் ஸ்கிரிப்டுகளும் எல்எல்விஎம்மில் உண்டு. அவை தருவதை வாசித்த பிறகே சேர்க்க வேண்டும்: கம்பைலர் தவறு செய்திருந்தால், அந்தத் தவறும் செக் வரியாகப் பதிந்திருக்கும்.