இளம் வைத்தியரிடம் சாவிக்கொத்தையும் கொடுங்கள்

இலங்கையில் மருத்துவப் படிப்பு முடிந்து, ஒரு துறையில் ஆறு மாதம், இன்னொரு துறையில் ஆறு மாதம் என்று எச்.ஓ. என்ற உள்ளகப் பயிற்சி வேலையும் முடிந்த கையோடு ஒருவர் தனியாக ஒரு வைத்தியசாலையை நடத்த அனுப்பப்படலாம். நேற்றுவரை கொன்சல்டன்ட்டுக்குப் பின்னால் நோயாளிகளின் பெட் ஹெட் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ரவுண்ட் போனவர், இன்று பொறுப்பு வைத்திய அதிகாரி. மருந்துக் களஞ்சியச் சாவி, தாதியர் முதல் சிற்றூழியர் வரை எல்லோருடைய கடமைப் பட்டியல், ஓ.டி. படிவம், ஜெனரேட்டருக்கு டீசல் என்று அத்தனையும் அவர் தலையில் விழும். இவற்றில் எதைப் பற்றியும் ஐந்து வருடப் படிப்பில் அவருக்கு யாரும் சரியாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

கேகாலைக்கும் கரவனெல்லைக்கும் நடுவே, புளத்கொகுபிட்டியைச் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளில் இப்படி வந்து இறங்கிய பலரோடு வேலை செய்திருக்கிறேன். பிறகு மருத்துவ நிர்வாகம் படித்து, அவர்களைப் பழக்கும் பொறுப்பும் கிடைத்தது. நோயைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆட்களையும் பொருளையும் நேரத்தையும் சேர்த்து நடத்தும்போதுதான் திணறுகிறார்கள். தலைமை தாங்கும் குணம் பிறவியில் வர வேண்டும் என்று நம் மூத்தவர்கள் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தையல் போடப் பழக்குவதுபோல இதையும் பக்கத்தில் நின்று பழக்கலாம்.

புதிதாக வருபவரிடம் நான் முதலில் கொடுப்பது சீனி, பிரஷர் கிளினிக் பதிவேட்டை. தொடர்ந்து வராதவர்களின் பெயர்களைத் தனியே எழுதி, ஏன் வரவில்லை என்று நேரில் போய் அறிந்து வர வேண்டும். வார்டில் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாது.

ஒருமுறை இந்த வேலையை ஓர் இளம் சிங்களப் பெண் வைத்தியரிடம் கொடுத்தேன். நோயாளிகளுக்குச் சுகாதார அறிவு போதாது என்றுதான் அவர் குறிப்பைத் தொடங்கியிருந்தார். மருத்துவ மாதுவோடு தொழிலாளர் வசிக்கும் லயத்துக்குப் போனபோது ஒரு ரப்பர் தொழிலாளிப் பெண் சொன்ன பதில் அந்தக் குறிப்பை மாற்றிவிட்டது. "டொக்டரம்மா, விடிஞ்சதும் பால் வெட்டப் போயிருவோம். பாலை எடுத்து ஸ்டோர்ல ஊத்திட்டு வர்றப்ப பன்னெண்டு தாண்டிரும். ஒங்க கிளினிக்கு அதுக்குள்ள முடிஞ்சிருது. வேலைய விட்டுட்டு வந்தா பேர் போயிரும்மா." ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது காலைக் குளிர்ச்சியில்தான். நமது கிளினிக் நடப்பதும் அதே காலையில்தான். மாத்திரையின் அருமை அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர முடியாது என்பதுதான் சிக்கல்.

அதன் பிறகுதான் அந்த வைத்தியரின் உண்மையான பயிற்சி தொடங்கியது. மாதத்தில் ஒரு நாள் கிளினிக்கைப் பிற்பகலுக்கு மாற்ற வேண்டும். மருந்தாளருக்குக் கடைசி பஸ் கவலை. தாதிக்குப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டி வர வேண்டும். சிற்றூழியரின் ஓ.டி.க்கு மேலிடத்து அனுமதி வேண்டும். தோட்டத்துத் துரையிடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் பேச வேண்டும். "நான் சொல்கிறேன், செய்யுங்கள்" என்று உத்தரவு போட்டிருந்தால் ஒரு மாதம் நடந்து நின்றிருக்கும். அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசினார். தொடர்ந்து எடுக்கும் மருந்துகளை முற்பகலிலேயே பெயர் எழுதிக் கட்டி வைத்துவிட்டால் பிற்பகலில் கொடுத்து முடிக்க அதிக நேரம் ஆகாது என்ற யோசனை மருந்தாளரிடமிருந்தே வந்தது. பிற்பகல் கிளினிக் தொடங்கியபின், பதிவேட்டில் காணாமல் போயிருந்த முகங்கள் திரும்பி வந்தன. தடையாக இருப்பவர் என்று நாம் நினைக்கும் ஊழியரிடமே பெரும்பாலும் தீர்வும் இருக்கிறது. அவர் கவலையை முதலில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வைத்தியர் அதற்குள் ஓரளவு தமிழ் பேசப் பழகியிருந்தார். 2007இலிருந்து அரச சேவையில் சேர்வோர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. பரீட்சைக்காகப் படிக்கும் மொழியும் லயத்து வாசலில் நின்று பழகும் மொழியும் வேறு. தோட்டப் பகுதியில் பொறுப்பெடுக்கும் யாருக்கும் இப்படிப் பழகும் மொழி அடிப்படைத் தேவை என்பேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் தமிழ் வைத்தியருக்கும் இது பொருந்தும். அவர் ஊழியர்களோடு சிங்களத்தில் வேலை செய்யப் பழக வேண்டும்.

அடுத்தது காகித வேலை. இளையவர்கள் இதை வெறுக்கிறார்கள். தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவத்தை வைத்துத்தான் நான் அவர்கள் மனதை மாற்றுவேன். கேகாலையும் இரத்தினபுரியும் எலிக்காய்ச்சல் அதிகம் காணும் மாவட்டங்கள். சந்தேகம் வந்தவுடனேயே அந்தப் படிவம் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வயலுக்கோ தோட்டத்துக்கோ போவது அத்தனை நாள் பிந்தும். அதே சேற்றில் வேலை செய்யும் அடுத்தவர் அதற்குள் காய்ச்சலில் விழுந்திருப்பார். வார்டில் நோயாளியைப் பார்த்தபின் எழுதும் ஒரு தாள் ஒரு முழு டிவிஷனைக் காக்கலாம் என்பது புரிந்தால், நிதிப் பிரமாணங்களையும் தாபனவிதிக் கோவையையும்கூட அவர்கள் பொறுமையாகப் புரட்டுகிறார்கள். மருந்துக்கான வருடாந்த மதிப்பீடு, உடைந்த உபகரணத்தைக் கணக்கிலிருந்து நீக்கும் முறை ஆகிய இரண்டையாவது பயிற்சிக் காலத்திலேயே கையால் எழுதிப் பார்க்க வேண்டும். 2022 நெருக்கடியில் மருந்தும் எரிபொருளும் இல்லாமல் நாடே தவித்தபோது, கையிருப்பு விவரத்தை ஒழுங்காக வைத்திருந்த பொறுப்பாளருக்குத்தான் எதை நீட்டிக்கலாம், எதைப் பக்கத்து வைத்தியசாலையிடம் கேட்கலாம் என்று முடிவெடுக்க முடிந்தது.

இடர் முகாமையை இந்த மண்ணில் தனியாகவே பழக்க வேண்டும். 2016 மே 17ஆம் தேதி அரநாயக்கவில் மலை சரிந்தது நாடே அறிந்த துயரம். அதே மழையில் புளத்கொகுபிட்டிய களுபஹனவிலும் மண் சரிந்து தோட்ட மக்களின் லயங்களை மூடியது. அந்த இழப்பை மதித்தே அதை நான் பயிற்சியில் எடுத்துக்கொள்கிறேன். மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்துச் சூழ்நிலையைச் சொல்வேன்: இரவு, விடாத மழை, கரவனெல்லை வீதி மூடியிருக்கிறது, 1990 இலக்கத்து அம்புலன்ஸ் வர முடியாது, மின்சாரம் இல்லை. முதலில் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானோர் காயத்தின் கடுமையைப் பார்த்து நோயாளிகளைப் பிரிப்பதிலிருந்து தொடங்குவார்கள். சரிதான். ஆனால் அந்த லயத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், கர்ப்பிணி யார், கைக்குழந்தை எத்தனை என்று யாரிடம் கேட்பீர்கள்? அங்கேதான் மௌனம். மருத்துவ மாதுவின் பதிவேட்டில் அவர் பகுதியில் உள்ள கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகளின் விவரம் இருக்கிறது. பிள்ளைக்காம்பராவைப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு குழந்தையையும் தெரியும். உறவினரிடம் யார் பேசுவது, யார் பெயர் எழுதுவது, ஊடகத்துக்கு யார் பதில் சொல்வது என்று முன்கூட்டியே பெயர் குறித்து வைத்த வைத்தியசாலைதான் அன்று தாக்குப்பிடிக்கும். மருத்துவ மாதுவும் காவலாளியும் அந்த மேசையில் இல்லாமல் இந்தப் பயிற்சியை நான் நடத்துவதில்லை.

தவறு நடந்தபின் கூடும் கூட்டத்தை வழிநடத்தவும் இளையவரையே விடுங்கள். தாய்மரணம் ஒவ்வொன்றையும் விசாரித்துப் பாடம் கற்கும் வழக்கம் நமது நாட்டில் ஆழமாக வேரூன்றியது. அதே முறையைச் சின்ன வைத்தியசாலையிலும் கடைப்பிடிக்கலாம். "யார் செய்தது?" என்று ஆரம்பித்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். "என்னென்ன வரிசையில் நடந்தது?" என்று கேட்டால், இரவுக் கடமையில் இருந்த சிற்றூழியர்கூடப் பேசுவார். மூத்தவர் பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்கப்பட்டால் மட்டும் பேசுவது நல்லது. இது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. ஆனாலும் பலன் தந்தது.

நமக்கு முன்மாதிரி வெளிநாட்டில் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் வைத்தியர் விமல் கரந்தகொட பணிப்பாளராக இருந்தபோது வேலையிடத்தை ஒழுங்குபடுத்தும் ஜப்பானிய 5எஸ் முறையைக் கொண்டுவந்தார். களஞ்சியத்தை ஒழுங்குபடுத்துவதிலிருந்து தொடங்கி, கீழ்நிலை ஊழியர் வரை எல்லோரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். பின்னர் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளுக்கு அந்த வைத்தியசாலையை எடுத்துக்காட்டாகக் காட்டியது. சுவரில் 5எஸ் சுவரொட்டியை ஒட்டுவதோடு நின்றுவிடும் இடங்களும் நம்மிடம் இருக்கின்றன. ஊழியரின் யோசனைக்கு இடம் இல்லாவிட்டால் சுவரொட்டியால் ஒரு பயனும் இல்லை.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் மருத்துவ நிர்வாகத்தில் எம்.எஸ்ஸி.யும் எம்.டி.யும் நடத்துகிறது. அதைப் படிப்பவர்கள் பணிப்பாளர்களாக வருகிறார்கள். சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் படிக்கும் ரெஜிஸ்ட்ரார்களும் நாளை ஒரு பிரிவை நடத்தப்போகிறவர்களே. ஆகவே அவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும். கனடாவில் நிபுணத்துவப் பயிற்சிக்கான கன்மெட்ஸ் வரையறை, எந்தத் துறை வைத்தியருக்கும் தலைமைத்துவம் ஓர் அடிப்படைத் தகுதி என்று 2015இல் வகுத்தது. அமெரிக்காவில் சுகாதார அமைப்பைப் புரிந்து வேலை செய்வது 1999 முதலே ரெசிடென்ட் பயிற்சியின் ஆறு தகுதிகளில் ஒன்று.

மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கைகழுவாதீர்கள். மாலையில் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அன்று என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்று கேளுங்கள். முடிவை அவருக்காக நீங்கள் எடுக்காதீர்கள்.

பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திடமும் மருத்துவ பீடங்களிடமும் நான் வேண்டுவது இதுதான். ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராரின் பயிற்சியிலும் ஒரு மாதத்தைப் புளத்கொகுபிட்டிய போன்ற ஓர் ஊரின் சின்ன வைத்தியசாலைக்கு ஒதுக்குங்கள். கிளினிக் பதிவேடு, களஞ்சியம், கடமைப் பட்டியல் மூன்றையும் அந்த மாதம் முழுவதும் அவர் கையில் கொடுங்கள். அதற்குப் புதிய கட்டடமோ புதிய பாடநூலோ தேவையில்லை. பழக்க விருப்பமுள்ள பொறுப்பு வைத்திய அதிகாரிகள் இங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள்.