குடும்பத்துடன் ஒரு கப்பற் பயணம்

நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கப்பலேறி வந்தவர்கள். 1926-ஆம் ஆண்டு கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல், 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கிடையே ஓடியது. அதன் தளத்தில் பாய் விரித்த இடமே வீடு. பிள்ளைகளுக்குக் கடலைப் பார்ப்பதே வேடிக்கை.

இன்றோ பிள்ளைகளை மனத்திற்கொண்டே கப்பல்கள் அமைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட 'டிஸ்னி அட்வென்சர்'. ஜெர்மனியின் விஸ்மார் நகரில் வேறொரு நிறுவனத்துக்காகத் தொடங்கப்பட்டு, பாதியில் நின்றுபோன கப்பல் இது. டிஸ்னி நிறுவனம் 2022-இல் இதை வாங்கியது. 2025 டிசம்பரில் புறப்பட வேண்டிய முதற்பயணம் 2026 மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இதில் ஏறத்தாழ 6,700 பயணிகளுக்கும் 2,500 பணியாளர்களுக்கும் இடமுண்டு. மூன்று அல்லது நான்கு இரவுப் பயணங்களில் வேறு ஊர் எதிலும் இறங்குவதில்லை. கப்பலே சுற்றுலாத் தலம்.

சிறுவர்க்கு நீர்விளையாட்டும், நாடகமும், மேல்தளத்தில் 250 மீட்டர் நீள உருள்வண்டிப் பாதையும் உள்ளன. மூன்று முதல் பத்து வயது வரையுள்ளோருக்குத் தனிக் கழகம் உண்டு. பெற்றோர் பதிவு செய்து பிள்ளையை ஒப்படைக்கலாம். இதற்குத் தனிக் கட்டணமில்லை. கைக்குழந்தைகளின் காப்பகத்திற்கு மட்டும் கட்டணமுண்டு. பிள்ளை விளையாடும் நேரத்தில் பெற்றோர் சற்று ஓய்ந்திருக்கலாம். அதிகாலையில் பால்வெட்டுக்குச் செல்லும் தாய்மார்க்கு அந்த ஓய்வே பெரிது என நாம் கருதுகிறோம். டிஸ்னி கப்பல்களில் சூதாட்டக் கூடம் கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். எல்லாக் கப்பல்களும் அப்படியல்ல.

செலவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. விளம்பரத்தில் காணும் தொகை பெரும்பாலும் ஓர் ஆளுக்குரியது, அதுவும் அறையில் இருவர் தங்கினால். அறையும் பொது உணவுக்கூடங்களின் உணவும் அதில் அடங்கும். மதுவகை, சிறப்பு உணவகம், இணையத் தொடர்பு, மருத்துவரைக் காண்பது ஆகியவற்றிற்குத் தனியே செலுத்த வேண்டும். பணியாளர்க்குரிய அன்பளிப்புத் தொகையும் நாள்தோறும் தலைக்கு இவ்வளவு எனக் கணக்கில் ஏறும். நடுக்கடலில் கைப்பேசியை அணைக்காவிட்டால் அதற்கும் ஒரு பெரிய தொகை வரக்கூடும். இவற்றையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் கட்டுக. பல ஆண்டுச் சேமிப்பு அது.

கப்பலேறியதும் உயிர்காப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள். பிள்ளைகள் நீச்சல்குளத்திற்கு இழுப்பார்கள். ஆயினும் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியக் கடலோரத்தில் 'கோஸ்டா கான்கோர்டியா' பாறையில் மோதி 32 பேர் மாண்டனர். அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அப்பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி நடைபெற வேண்டும் என்னும் அனைத்துலக விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. கூடுமிடம் எது என்பதைப் பிள்ளைகளையே சொல்லச் செய்து பாருங்கள்.

ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தைக் கடந்தால் துவாஸ். கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். துவாஸ் லிங்க் நிலையத்தில் இரயிலேறி, ராபிள்ஸ் பிளேசில் வண்டி மாறி, மரினா சவுத் பியரில் இறங்குக. தீவின் மேற்குக் கோடியிலிருந்து தெற்குக் கரைவரை செல்லும் நெடும்பாதை அது. பாலத்தில் நெரிசலும் உண்டாகையால் விடியுமுன்பே புறப்படுதல் நலம்.