பழைய கணினியும் ஒட்டுக் கட்டிய மரமும்



நம் பேராக் மாநிலத்துக் கோலா கங்சாரில் 1877-ஆம் ஆண்டு ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. அவ்வினத்து மரங்களைச் சீவியே நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நம்மை ஆளாக்கினர். பின்னாளில் தோட்டங்களில் ஒட்டுக் கட்டும் முறை வந்தது. உரமான நாற்றின் வேரையும் அடித்தண்டையும் வைத்துக்கொண்டு, மிகுதியாகப் பால் தரும் மரத்தின் மொட்டை அதன் பட்டைக்குள் பதித்துக் கட்டுவர். ஒட்டுப் பிடித்ததும் நாற்றின் மேற்பகுதியை வெட்டிவிடுவர். வேர் நன்றாயிருந்தால் முழுச் செடியையும் பிடுங்கி எறிய வேண்டியதில்லை என்பது ஒட்டுக் கட்டுவோர் அறிந்த உண்மையாகும். அவ்வுண்மை வீட்டிலுள்ள பழைய மேசைக் கணினிக்கும் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தந்தையின் கேள்வி

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டதும், பாடங்கள் வீட்டிற்குச் சென்றன. இல்லிருப்புக் கற்றலுக்காக நம் பெற்றோர் பலர், பிறர் பயன்படுத்திய கணினிகளைக் கடன்பட்டேனும் வாங்கினர். அவ்வாறு வாங்கிய ஒருவர், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர், 2024-ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் என்னைக் காண வந்தார்.

“ஐயா, கம்ப்யூட்டர் திறப்பதற்குள் பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. கடையில் புதியது வாங்கச் சொல்கிறார்கள். என் கையில் இருப்பது 300 வெள்ளிதான். என்ன செய்வது?” என்று கேட்டார்.

ஓய்வு நாள்களிலும் வேலைக்குச் சென்று சேர்த்த பணம் அது. ஒரு வெள்ளியும் வீணாகக் கூடாது என எண்ணி, மறுநாளே அவர் இல்லம் சென்றேன்.

முதலில் நோயை அறிதல்

மருந்து வாங்குவதற்கு முன் நோயை அறிதல் வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணினியை முடுக்கினோம். அது வேலைக்கு ஆயத்தமாக 6 நிமிடங்கள் ஆயின. பின்னர் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினோம். ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பட்டியல் திரையில் தோன்றியது. அதில் செயலி, நினைவகம், தட்டு ஆகிய மூன்றும் எவ்வளவு உழைக்கின்றன என்பது விழுக்காட்டில் காட்டப்பெறும். செயலி ஓய்வாக இருந்தது. தட்டோ 100 விழுக்காட்டிலேயே நின்றது. இயந்திரத்தின் மூளை நலமாகவே இருந்தது. செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கும் தட்டே தளர்ந்திருந்தது.

இவ்வாறு பாராமல் செலவு செய்தவர்களுள் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் என் கணினி மெதுவானபோது, யாரோ சொன்னதைக் கேட்டு ரேம் வாங்கிவந்தேன். அது டி.டி.ஆர். 4 வகை. என் கணினி ஏற்பதோ டி.டி.ஆர். 3 வகை. பள்ளத்திலேயே அது பொருந்தவில்லை. கடையிலும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அந்த ரேம் இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றது.

செலவில்லாத வேலைகள்

முதல் வேலையாக, கணினியிலிருந்த படங்களையும் பாடங்களையும் வேறொரு வெளித்தட்டில் படியெடுத்தோம். மூன்று படங்கள் திறக்க மறுத்தன. தட்டு பழுதாகத் தொடங்கியிருந்தது என்பதற்கு அதுவே அறிகுறி. அவ்வீட்டுப் பாட்டி மறைந்துவிட்டார். அவருடைய ஒரே நல்ல படம் அத்தட்டில்தான் இருந்தது. அது தப்பியது. இன்னும் சில மாதங்கள் கடந்திருந்தால் தப்பியிருக்குமோ, அறியேன். ஆதலால், எதனைத் தொடுவதற்கு முன்பும் படியெடுத்து வைத்தல் முதற்கடமை என்பதை மறவாதீர்.

அடுத்து, பெட்டியைத் திறந்து, மெல்லிய தூரிகையால் விசிறியில் படிந்திருந்த தூசியை அகற்றினோம். தூசி அடைத்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் மிகுந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினி தொடங்கும்போதே தாமாக எழும் தேவையற்ற செயல்நிரல்களையும் நிறுத்தினோம்.

தட்டை மாற்றுதல்

பழைய கணினியிலுள்ள வன்தட்டு, சுழலும் வட்டாகும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். ஒவ்வொரு செய்தித் துண்டையும் எடுக்க, அதன் முனை உரிய இடத்திற்கு நகர்ந்து, வட்டு சுழன்று வரும்வரை காத்திருத்தல் வேண்டும். மரத்திற்கு மரம் நடந்து மங்குகளிலிருந்து பால் சேர்ப்பதைப் போன்றது இது. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகைத் தட்டில் அசையும் பகுதி எதுவும் இல்லை. செய்தி மின்சில்லுகளில் பதிந்திருப்பதால், நடக்கவும் வேண்டா, காத்திருக்கவும் வேண்டா.

மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். வன்தட்டு ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ 0.012 வினாடி ஆகின்றது எனக் கொள்வோம். 10,000 துண்டுகளை எடுக்க 120 வினாடிகள், அதாவது 2 நிமிடங்கள் ஆகும். எஸ்.எஸ்.டி.க்கு ஒரு துண்டிற்கு 0.0001 வினாடி எனின், 10,000 துண்டுகளுக்கு ஒரே வினாடி போதும். கணினி தொடங்கும்போது இத்தகைய சிறு துண்டுகளையே ஆயிரக்கணக்கில் தேடுகின்றது. உலகமும் இவ்வழியே திரும்பிவிட்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தன் வன்தட்டுத் தொழிற்சாலையை மூடப்போவதாக 2018-ஆம் ஆண்டு அறிவித்ததும், பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியைப் பெருக்க முற்பட்டதும் இதற்குச் சான்றுகளாம்.

கணினிக் கடைகளுக்குப் பெயர் பெற்ற ஈப்போ யிக் ஃபூங் வளாகத்திற்குச் சென்று, 240 ஜி.பி. கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினோம். அன்றைய விலை 95 வெள்ளி. பழைய தட்டிலிருந்ததை அப்படியே அதில் படியெடுத்துப் பொருத்தினோம். 6 நிமிடங்கள் ஆன வேலை 40 வினாடிகளில் முடிந்தது.

நினைவகம்

தட்டு அலமாரி என்றால், ரேம் என்பது மேசை. மேசை சிறிதாயின் ஒரு நூலை எடுத்துவைத்துத்தான் மற்றொன்றை விரிக்க இயலும். அக்கணினியில் 4 ஜி.பி. மட்டுமே இருந்தது. 8 ஜி.பி. இருப்பின் வகுப்புப் பாடத்தையும் காணொளியையும் ஒருசேரத் திறக்கலாம். டி.டி.ஆர். 3 வகை 2007-ஆம் ஆண்டும், டி.டி.ஆர். 4 வகை 2014-ஆம் ஆண்டும் சந்தைக்கு வந்தன. இரண்டின் அடிவிளிம்பிலும் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஆகையால், நான் செய்த பிழையைச் செய்யாமல், பழைய ரேமையே கழற்றிக் கையோடு கொண்டுசென்று காட்டுங்கள். பிறர் பயன்படுத்திய 4 ஜி.பி. ரேம் ஒன்று 35 வெள்ளிக்குக் கிடைத்தது. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கான தேவை மிகுந்ததால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறலாயிற்று. எனவே நான் கூறிய விலைகளையே நம்பிச் செல்லாமல், இரண்டு மூன்று கடைகளில் கேட்டறிவீராக.

இயக்கு மென்பொருள்

மைக்ரோசாப்ட் நிறுவனம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் அண்மைக்காலச் செயலியும் தேவை. இக்கணினியில் அவை இல்லை. அதற்காக அதனை எறிந்துவிட வேண்டுமோ? வேண்டா. லினக்ஸ் மிண்ட் என்னும் இலவச மென்பொருளை நிறுவினோம். கல்வி அமைச்சின் டெலிமா தளம் உலாவியின் வழியே திறப்பதால், பாடத்திற்குக் குறைவில்லை. 1999-ஆம் ஆண்டு வரையறுக்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு.

எங்கே நிறுத்துவது?

வேர் அழுகியிருந்தால் ஒட்டுக் கட்டிப் பயனில்லை. தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் உப்பியிருந்தாலோ, கணினி அடிக்கடி தானே அணைந்தாலோ, பழுதறிந்தவரிடம் காட்டாமல் ஒரு வெள்ளியும் செலவிடாதீர். பொருத்தப்போகும் உறுப்புகளின் விலை, அலுவலகங்களில் பயன்படுத்திச் சீர்செய்து விற்கப்படும் வேறொரு நல்ல கணினியின் விலையில் பாதியைத் தாண்டுமாயின் நிறுத்திவிடுக. இது என் அனுபவக் கணக்கு.

திறப்பதற்கு முன் மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டபின்னரே உறுப்புகளைத் தொட வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எவரும் திறத்தலாகாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும். இடி இடிக்கும் மாலைகளில் மின்கம்பியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். கழித்த உறுப்புகளைச் செம்பனை மரத்தடியில் வீசுதல் தவறு. மின்கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி நம் நாட்டில் அட்டவணைக் கழிவாகும். அதற்குரிய சேகரிப்பு இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

முடிவுரை

அத்தந்தையார் செலவிட்டது 130 வெள்ளி. மீந்த 170 வெள்ளியில் மகளுக்குக் காலணியும் பயிற்றுநூல்களும் வாங்கினார். பாட்டியின் படம் இப்பொழுது அக்கணினியின் முகப்பில் இருக்கின்றது. புதியதை வாங்க இயலாமை குறையன்று; உள்ளதை ஆராயாமல் கழித்துவிடுதலே குறை. நோயறிந்து, வகையறிந்து, அளவறிந்து செலவிடுவோமாக!

பயிற்சி வினாக்கள்

1. உன் வீட்டுக் கணினி ஆயத்தமாக எத்தனை வினாடிகள் ஆகின்றன? மூன்று நாள் அளந்து சராசரி காண்க.
2. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு, ஒரு வினாடியில் எத்தனை முறை சுழலும்?
3. ரேம் வாங்கச் செல்லும்போது பழைய ரேமைக் கையோடு கொண்டுசெல்வது ஏன்?
4. கணினியைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டியன யாவை?