மழை விட்டதும் அடிக்கும் வெயில்: இந்தக் குளிர்காலத்துக்கான கண்ணாடி

ஜூன், ஜூலையில் ஆக்லாந்தில் சூரியன் காலை ஏழரை மணியை ஒட்டி வடகிழக்கே எழுகிறது. கிளென் ஈடனிலிருந்து பார்த்தால் நகர மையமும் ஏறக்குறைய அதே திசைதான். நியூ லின், அவொண்டேல் வழியாக வேலைக்குப் போகிறவர் கண்ணுக்கு நேரே வெயிலை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வடமேற்கு மோட்டார்வேயில் திரும்பினாலும், வாட்டர்வியூ தாண்டிக் கடலை ஒட்டிய பகுதியில் சூரியன் முன்னால்தான் இறங்குகிறது. நடுவே ஒரு தூறல் விழுந்து வெளுத்துவிட்டால் சாலையே பளபளக்கும். வெள்ளைக் கோடும் தெரியாது, முன் வண்டியின் பிரேக் விளக்கும் தெரியாது. போலரைஸ்டு கண்ணாடி வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்குங்கள். ஆனால் அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நனைந்த சாலையில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். போலரைஸ்டு லென்ஸ் அந்த அதிர்வை மட்டும் வடிகட்டும். சாதாரணக் கூலிங் கிளாஸோ எல்லாவற்றையும் ஒரேயடியாக இருட்டாக்கும். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1921இல் கப்பல் தளத்திலிருந்து இதே உத்தியைத்தான் கையாண்டார்: நிக்கோல் பட்டகத்தின் வழியே நோக்கி, கடல்பரப்பில் பிரதிபலித்த வானொளியை நீக்கிவிட்டு, நீரின் சொந்த நீலத்தைக் கண்டார். சூரியன் சுமார் 37 பாகை உயரத்தில் இருக்கும்போது இந்த வடிகட்டல் உச்சத்தில் இருக்கும். இங்கே ஜூன், ஜூலை நண்பகலிலேயே சூரியன் அந்த உயரத்தை எட்டுவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். 20, 30 பாகையிலும் பலன் நன்றாகவே கிடைக்கும். 10 பாகைக்குக் கீழேதான் அது வெகுவாகக் குறைகிறது. காலை எட்டு மணி வெயில் அந்த ரகம். நேரடி வெயிலிலோ தனியே வடிகட்டும்படி ஓங்கிய அதிர்வு எதுவும் கிடையாது. ஆகவே விடிந்த முதல் ஒரு மணி நேரம் வெயில் மறைப்பை இறக்குங்கள், முன்கண்ணாடியின் உட்புறப் படலத்தைத் துடைத்து வையுங்கள், முன் வண்டிக்கு நான்கு நொடி இடைவெளி விடுங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் நம்புவது வீண்.

கார்த் திரையும் ஃபோனும் இருண்டு தெரிகின்றன என்ற புகாரில் உண்மை உண்டு; போட்டுக்கொண்டு ஓட்டும் முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடையிலும் ஃபோன் திரைக்கு முன் லென்ஸை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்தால் சரக்கு பெரும்பாலும் அசல். சாலையில் படரும் இருண்ட பனிக்கட்டியின் (black ice) மினுமினுப்பையும் இது மறைக்கும் என்பது தென் தீவின் மலைச்சாலைகளில் பொருட்படுத்த வேண்டிய எச்சரிக்கை. இங்கே அவ்வளவு இல்லை. விலையைவிட AS/NZS 1067 தரக்குறியைத் தேடுங்கள். அதில் 4ஆம் வகை லென்ஸ் வண்டி ஓட்ட உதவாது. மேகமும் வெயிலும் மாறி மாறி வரும் இந்தப் பருவத்துக்கு, 18 முதல் 43 விழுக்காடு ஒளியை உள்ளே விடும் 2ஆம் வகையே என் தேர்வு. வாட்டர்வியூ சுரங்கத்துக்குள் நுழையும்போது கண் தடுமாறுவதும் அதில் குறைவு. பொழுது சாய்ந்ததும் கழற்றிவிடுங்கள். எதிர்வரும் ஹெட்லைட்டுக்கு இது மருந்தல்ல.